யாழ்ப்பாணத்தில் நிறை, சீனி, கொலஸ்ரோல்: முதல் பரிசோதனையிலிருந்து கிளினிக் கொப்பி வரை

"வயிறு வைத்துவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அம்மாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது, ஒருக்கால் செக் பண்ணினால் நல்லது" என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டு, எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி ஊரில் குடியேறியவர்களுக்கும் உதவும்.

எங்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வருடத்தில் கிளினிக் கொப்பி, அதாவது ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் வருத்த விவரக் கொப்பி, வந்தது. கேட்ட இடமெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவர் "நேரே ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணுங்கோ", அதாவது தனியாரில் காசு கட்டிப் பதிந்து பாருங்கோ, என்றார். மற்றவர் "ஒரு மாதம் சோற்றை விட்டால் எல்லாம் போயிடும்" என்றார். இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, கீழே உள்ள ஒழுங்கில் போனால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

செலவைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். அரச வைத்தியசாலையில் பரிசோதனை, வைத்தியர், அங்கே இருப்பில் உள்ள குளிசை எல்லாம் இலவசம். பஸ் காசும் ஒரு காலைப்பொழுதும்தான் போகும். காசு கரைவது வேறு இடங்களில். அதைப் பிறகு சொல்கிறேன்.

1. வீட்டிலேயே இரண்டு அளவு எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் அளவுநாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபிறகு சுற்றளவு எடுங்கள். வயிற்றை எக்கிப் பிடிக்க வேண்டாம், பார்ப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. காற்சட்டை அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நம்மில் பலர் வயிற்றுக்குக் கீழேதான் பெல்ட் கட்டுகிறோம்.

அடுத்தது பி.எம்.ஐ, உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் எண். நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, வருவதால் நிறையை வகுக்க வேண்டும். 165 சென்ரிமீற்றர் உயரம், 74 கிலோ என்றால் 1.65 × 1.65 = 2.72. 74ஐ 2.72ஆல் வகுத்தால் 27க்குச் சற்று மேலே. இணையத்தில் உள்ள வெளிநாட்டு அட்டவணைகள் 25 வரை "நல்லது" என்று காட்டும். நமக்கு அது பொருந்தாது. தெற்காசிய உடம்பில் குறைந்த நிறையிலேயே வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்துவிடுவதால், 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பதுதான் வைத்தியர்கள் இங்கே எடுக்கும் கணக்கு. ஆள் மெல்லிசு, வயிறு மட்டும் முன்னுக்கு என்பவர்களும் இதற்குள் அடக்கம்.

இந்த இரண்டு அளவையும் திகதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

2. பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், கிட்டடியில் தொடங்குங்கள்

அதிகமானோர் அகப்படும் பொறி இதுதான். வருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே விடியக்காலை யாழ் போதனா வைத்தியசாலை வாசலில் போய் நிற்பார்கள். அங்கே வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சல்காரர், காயக்காரர் எல்லோரோடும் வரிசையில் நின்று, கடைசியில் "உங்கடை ஊர் ஆஸ்பத்திரியிலை பாருங்கோ" என்ற பதிலோடு திரும்புவார்கள்.

நீங்கள் முதலில் போகவேண்டியது ஆரோக்கிய வாழ்வு நிலையம். வைத்தியசாலை ஆட்கள் எச்.எல்.சி என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள், உடனே விளங்கும். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, வருத்தம் தெரிய முன்னமே பரிசோதிப்பதற்காக அரசு நடத்தும் இலவச சேவை இது. 20 முதல் 34 வயதுக்காரரும் நிறை கூடியிருந்தாலோ, குடும்பத்தில் சீனி வருத்தம் இருந்தாலோ போகலாம். பிரதேச வைத்தியசாலைகளிலும், சிறிய ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகுகளிலும், சில இடங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் நடக்கும். பருத்தித்துறை, தெல்லிப்பளை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் அங்கே கேட்டாலும் எங்கே போகவேண்டும் என்று சொல்வார்கள்.

இது எல்லா நாளும் நடக்காது. கிழமையில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது இடத்துக்கு இடம் வேறு. அதை அறிய எளிய வழி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கேட்பது. டெங்குக்காகக் கிணற்றடி பார்க்க வரும் பரிசோதகரிடமே கேட்கலாம், அவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆட்கள் வருவது குறைவு என்பதுதான் அவர்களுடைய மனக்குறை. ஆண்கள் இன்னும் குறைவு.

ஏற்கெனவே சீனிக்கோ பிறஷருக்கோ குளிசை எடுப்பவராக இருந்தால் இந்தப் படி உங்களுக்கு இல்லை. நேரே ஆறாவது படிக்குப் போங்கள்.

3. முதல் நாள் இரவும் கொண்டுபோகும் பையும்

வெறுவயிற்றில் போகவேண்டும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, பிறகு தண்ணீர் மட்டும். விடிய எழும்பியதும் கை தானாகத் தேத்தண்ணிக்குப் போகும். சீனி போடாத பிளேன்ரீயும் வேண்டாம். "ஒரு மிடறுதானே" என்று குடித்துவிட்டு வந்து நிற்பவர்களை வேறொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்புவதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று: பரிசோதனைக்கு முன் நாலைந்து நாள் பட்டினி கிடந்து எண்ணைக் குறைத்துக்காட்டப் பார்க்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கலியாண வீட்டுக்கு மறுநாளும் வேண்டாம்.

பைக்குள் இருக்கவேண்டியவை:

- தேசிய அடையாள அட்டை. முதல் பதிவுக்குத் தேவை.
- ஏதாவது பழைய ரிப்போட், எவ்வளவு பழையதாக இருந்தாலும்.
- இப்போது எடுக்கும் குளிசைகளின் மட்டைகள். பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட மட்டையையே கொண்டுபோவது நல்லது. வயிற்றெரிவுக்கோ மூட்டு நோவுக்கோ எடுப்பதும் சேர்த்து.
- வீட்டில் எடுத்த அளவுத் தாள்.
- மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அது. கண் பார்வையும் பார்ப்பார்கள்.
- ஒரு சின்னச் சாப்பாட்டுப் பொதி. இரத்தம் எடுத்தவுடன் சாப்பிடலாம். இல்லாவிட்டால் வாசற்கடை ரோல்ஸில்தான் போய் முடியும்.

பெற்றோர், சகோதரர்களில் யாருக்கு எந்த வயதில் சீனி, மாரடைப்பு, பக்கவாதம் வந்தது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே கட்டாயம் கேட்பார்கள். பெண்கள், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது சீனி கூடியிருந்ததா என்பதையும் சொல்லவேண்டும். அப்போது கூடிப் பிறகு சரியானவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

4. அந்தக் காலையில் நடப்பது

பதிவு செய்து உங்களுக்கென ஒரு பதிவு இலக்கமும், விவரம் எழுதிய கொப்பியோ அட்டையோ தருவார்கள். உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு எடுப்பார்கள். பிறஷர் பார்ப்பார்கள். சைக்கிள் உழக்கி வந்த கையோடு பிறஷர் பார்த்தால் கூடத்தான் காட்டும், ஐந்து நிமிடம் இருந்து ஆறிய பிறகு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் நுனியில் குத்திச் சீனியும் மொத்தக் கொலஸ்ரோலும் பார்ப்பார்கள். வாயைத் திறந்து பார்ப்பதும் உண்டு, வெற்றிலை போடுபவர்களுக்கு அது முக்கியம். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் சொல்லிக்கொடுப்பார்கள்.

கடைசியில் வைத்தியர் ஒரு நிறக்கட்டங்கள் கொண்ட அட்டவணையைப் பார்ப்பார். வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, பிறஷர், கொலஸ்ரோல், சீனி எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய சாத்தியம் எவ்வளவு என்று அது காட்டும். உங்கள் கட்டம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள். "ஒண்டும் இல்லை, போங்கோ" என்றால் அடுத்த பரிசோதனை எப்போது என்ற திகதியையும் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

5. ரிப்போட்டில் உள்ள எண்களை வாசிப்பது

வெறுவயிற்றுச் சீனி ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் வாசலில் வந்து நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை. 126உம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. ஆனால் விரல் நுனிப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. நாளத்தில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்கவேண்டும், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். எச்.பி.ஏ.1.சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது: 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொடக்கம் நீரிழிவு. இதற்கு வெறுவயிறு தேவையில்லை. இரத்தச்சோகை இருந்தால் இந்த எண் பிழையாகக் காட்டலாம், வைத்தியரிடம் சொல்லுங்கள். பிறஷர் திரும்பத் திரும்ப 140/90ஐத் தொட்டால் கவனிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு குழப்பம் இங்கே இருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தக்காரர் சீனியை வேறு அலகில் சொல்வார்கள். "எனக்கு 7தான்" என்று மாமி தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு, தன்னுடைய 126ஐப் பார்த்து நடுங்கியவர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவு. அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் நம்முடைய எண் வரும். லண்டன்காரர் எச்.பி.ஏ.1.சியையும் 48 என்று சொல்வார், அது நம்முடைய 6.5. அவர்கள் அன்பாக அனுப்பிவைக்கும் சீனி பார்க்கும் கருவியிலும் இதே சிக்கல். அதோடு அந்தக் கருவிக்குரிய, இரத்தத்துளி வைக்கும் பட்டி இங்கே கடையில் கிடைக்காமல் போகலாம். கருவி மலிவு, பட்டிதான் மாதாமாதம் காசு கேட்கும். அனுப்ப நினைப்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்: இங்கே பட்டி கிடைக்கும் கருவியை இங்கேயே வாங்குகிறோம், காசை அனுப்புங்கோ என்று.

6. கிளினிக்கில் பதிவது

சீனியோ பிறஷரோ உறுதியானால் உங்களைக் கிட்டடி வைத்தியசாலையின் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். போதனா வைத்தியசாலையில் விசேட வைத்தியரிடம் காட்டவேண்டியிருந்தால் ஒரு கடிதம் தருவார்கள். கடிதத்தின் ஒரு படத்தை தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் நாள் வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை. அன்று நடப்பது கிட்டத்தட்ட இப்படி: காலை வேளைக்கே போய் இலக்கத் துண்டு எடுப்பது, தேவையென்றால் வெறுவயிற்றில் இரத்தம் கொடுப்பது, கொப்பியை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது, பெயர் கூப்பிட வைத்தியரைப் பார்ப்பது, பிறகு மருந்து வரிசை. அரை நாள் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு போடுங்கள், "பத்து மணிக்கு வந்திடுவன்" என்று மேலாளரிடம் சொல்லி வைக்காதீர்கள்.

கொப்பிதான் இங்கே எல்லாம். கொப்பி இல்லாமல் போனால் வைத்தியருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, எப்போதும் வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். அம்மாவின் கொப்பி ஒருமுறை மழையில் நனைந்து மையெல்லாம் ஊறிப்போனது. கிளினிக்கில் அந்த ஒரு பக்கத்தை வாசிக்க மூன்று பேர் கூடினார்கள். தொலைபேசியில் படம் இருந்ததால் தப்பினோம்.

கொழும்பிலோ வேறு மாவட்டத்திலோ கிளினிக் போய்க்கொண்டிருந்தவர்கள் பழைய கொப்பியை எறியாமல் அதையே கொண்டுவந்து காட்டி இங்கே பதியலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வைத்தியரின் கடிதத்தை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி வாருங்கள். பிரெஞ்சு, ஜேர்மன் மொழியில் உள்ள ரிப்போட்டை வாசிக்க இங்கே ஆள் தேட வேண்டிவரும். அங்கே எடுத்த குளிசையின் வணிகப் பெயர் இங்கே வேறாக இருக்கும், மருந்தின் மூலப்பெயரை எழுதுவித்துக்கொண்டு வரவேண்டும்.

சில மாதங்களில் கிளினிக்கில் ஏதாவது ஒரு மருந்து இருக்காது. துண்டில் எழுதித் தந்து வெளியே வாங்கச் சொல்வார்கள். அப்போது அரச ஒசுசல மருந்தகத்திலும் விலை கேளுங்கள். தனியார் பாமசியில் வாங்கினால் ஒரே மருந்துக்குப் பல விலையில் பல பெயர்கள் உண்டு. "இதே மருந்து விலை குறைந்ததில் இருக்கிறதா" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. தனியாரிடம் எதற்குப் போவது

இரண்டு காரணத்துக்குப் போகலாம். ஒன்று, அரச வைத்தியசாலையில் அந்த மாதம் செய்ய முடியாத ஒரு இரத்தப் பரிசோதனை. மற்றது, அவசரமாக ஒரு விசேட வைத்தியரின் அபிப்பிராயம்.

சனல் பண்ணும்போது வைத்தியர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம், தொலைபேசியிலோ செயலியிலோ பதிந்தால் அதற்கொரு கட்டணம் எனத் தனித்தனியாக ஏறும். மொத்தம் எவ்வளவு என்று பதியும்போதே கேளுங்கள். பரிசோதனை விலையும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறும், இரண்டு மூன்று இடத்துக்கு அழைத்துக் கேட்பது காசை மிச்சம் பிடிக்கும்.

"முழு உடல் பரிசோதனைப் பொதி" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஒரு தனியார் நிலையத்தில் நான் வெறும் கொலஸ்ரோலுக்குப் போனபோது, கவுன்ரரில் நின்ற பிள்ளை விரித்துக் காட்டிய பட்டியலில் பாதிக்கு மேல் எனக்குச் சம்பந்தமே இல்லாதவை. நிறை கூடிய ஒருவருக்கு ஆரம்பத்தில் பொதுவாகத் தேவைப்படுபவை இவைதான்: வெறுவயிற்றுச் சீனி, எச்.பி.ஏ.1.சி, கொழுப்பு வகைகளின் விவரம், சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், ஈரலுக்கு நொதிப் பரிசோதனை, சிறுநீரில் புரதம். தைரொயிட், வயிற்று ஸ்கான் போன்றவை வைத்தியர் சொன்னால் மட்டும். ஸ்கானில் "ஈரலில் கொழுப்பு" என்று வந்தால் அதற்கென்று அதிசய மருந்து தேடி ஓடவேண்டாம். உடம்பு நிறையில் 5 முதல் 10 வீதம் குறைந்தால் ஈரலிலும் கொழுப்பு குறையும், பிறஷர், சீனி எல்லாமே இறங்கும். 74 கிலோ ஆளுக்கு அது 4 முதல் 7 கிலோ வரை. ஒரு மாதத்தில் அல்ல, ஆறேழு மாதத்தில்.

8. சாப்பாடு: இங்கேதான் உண்மையான வேலை

வைத்தியர் இரண்டு நிமிடத்தில் "சோத்தைக் குறையுங்கோ, எண்ணெயைக் குறையுங்கோ" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தபிறகுதான் எதை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி வரும். போஷாக்கு ஆலோசனைப் பிரிவு உள்ள வைத்தியசாலை என்றால் அங்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது சமைப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியே ஆம்பிளை போய்க் கேட்டுவந்து வீட்டில் ஒப்பிப்பதில் பாதி விட்டுப்போகும். (ஆம்பிளைகள் சமைக்கும் வீடு என்றால் மன்னிக்கவும்.)

முதலில் தேத்தண்ணி. ஒரு நாளைக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதுவே 32 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றில் கைவைக்கும் முன் இதில் கைவையுங்கள். கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

அடுத்து பனங்கட்டி. "பனங்கட்டி சீனி வருத்தக்காரருக்குப் பறவாயில்லை" என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனிதான். பிளேன்ரீயோடு ஒரு சின்னத் துண்டு கடிப்பது, கோப்பைக்குள் இரண்டு கரண்டி சீனி போடுவதைவிட அளவில் குறைவாக இருக்கலாம், அவ்வளவுதான். கை நிறைய அள்ளினால் எந்த வித்தியாசமும் இல்லை. தேனும் அப்படியே.

இரவுச் சாப்பாடு நம்மவர்களின் பெரிய பிரச்சினை. மத்தியானம் ஒரு தட்டு நிறையச் சோறு, இரவு எட்டரை ஒன்பதுக்கு அரிசிமாப் பிட்டோ இடியப்பமோ, அதோடு சொதியும் சம்பலும். மாவும் தேங்காயும் மட்டுமே தட்டில், மரக்கறி என்று ஒன்று இருக்காது. பிட்டை விடச் சொல்லவில்லை, யாழ்ப்பாணத்தில் அது நடக்கிற காரியமும் இல்லை. முருங்கையிலையோ வேறு கீரையோ தாராளமாகக் கலந்து கீரைப் பிட்டாக அவியுங்கள், மாவின் அளவு தானாகக் குறையும். பக்கத்தில் ஒரு மரக்கறியும் ஒரு துண்டு மீனும் வைத்து, நேரத்தை ஏழரைக்கு இழுங்கள். கோதுமை மாப் பிட்டையும் வெள்ளைப் பாணையும் கிழமையில் ஓரிரு நாளுக்குச் சுருக்குங்கள். குரக்கன் நல்லது, ஆனால் குரக்கன் என்ற பெயருக்காக இரட்டிப்பாகச் சாப்பிடும் ஆட்களும் உண்டு. அதுவும் மாச்சத்துத்தான்.

மத்தியானத் தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ பருப்போ முட்டையோ. சோற்றுக் கரண்டியை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, அகப்பையால் ஒருமுறை போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற தவிடு போகாத சிவப்பரிசி கிடைத்தால் அது நல்லது. நார்ச்சத்துக் கூடுதல், கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். அதற்காக அதைக் குவியலாகப் போட்டால் பிரயோசனமில்லை.

கத்தரிக்காய்க்கு ஒரு தனிப் பந்தி தேவை. நம் வீடுகளில் கத்தரிக்காயைப் பொன்னிறமாகப் பொரித்து எடுத்துத்தான் குழம்பு வைப்பார்கள். அது ஸ்பொஞ்ச் மாதிரி எண்ணெயை உறிஞ்சிவிடும், பிறகு அதன் தலையில் தேங்காய்ப்பால். மரக்கறி சாப்பிடுகிறோம் என்ற திருப்தியோடு நாம் சாப்பிடுவது எண்ணெயை. துண்டுகளை உப்பு மஞ்சள் பிரட்டி, இரண்டு கரண்டி எண்ணெயில் மூடி வதக்கி எடுத்துக் குழம்பு வைத்துப் பாருங்கள். முதல் நாள் வீட்டில் முணுமுணுப்பு வரும். வாழைக்காய், பாகற்காய்ப் பொரியலுக்கும் இதே வழி. பொரித்த எண்ணெயை வடித்து வைத்து மறுபடி பொரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி, கறி உப்பும் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மிக்சர் ஆகியவை மறைமுகமாக ஏற்றுபவை. பிறஷர்காரர் கருவாட்டை விசேட நாளுக்கு ஒதுக்கவேண்டும்.

கடையில் குளிர்பானம் வாங்கினால் போத்தலில் உள்ள நிறவட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. செம்மஞ்சள்தானே என்று ஆறுதல்படுவது பொறி. 100க்கு 6 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் 24 கிராம் சீனி உள்ளே போயிருக்கும். நெல்லிரசமும் பழக் கரைசல்களும் உடம்புக்கு நல்லவை என்ற பெயரில் வருபவை, அவற்றின் வட்டத்தையும் பாருங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பருவத்தில் பழத்தை அரைவாசி வெட்டிச் சாப்பிடுங்கள். சாறாக்கிச் சீனி போட்டுக் குடிக்காதீர்கள்.

அன்னதானம், அந்தியேட்டி, கலியாணம், பிறந்தநாள்: யாழ்ப்பாணத்தில் கிழமைக்கு ஒன்றாவது வரும். அழைத்தவர் மனம் நோகாமல் "வேண்டாம்" சொல்வதைவிட, முதலே மரக்கறியைத் தட்டில் நிறைத்துவிடுவது சுலபம். இடமில்லாத தட்டில் யாரும் சோறு போட முடியாது.

9. நடை

கிழமைக்கு 150 நிமிடம், கதைக்க முடியும் ஆனால் பாட்டுப் பாட முடியாத வேகம். நகரில் இருப்பவர்களுக்குப் பண்ணைக் கடற்கரையும் ஆரியகுளத்தைச் சுற்றிய நடைபாதையும் உண்டு, செலவில்லை. கிராமத்தில் வயல் வீதியோ கோயில் வீதியோ போதும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஆறரைக்கு முன் முடித்துவிடுங்கள். முன்பு சைக்கிளில் போன சந்தைக்கு இப்போது ஸ்கூட்டியில் போகிறோம், அந்தச் சைக்கிளைத் தூசி தட்டினாலே பாதிக் கணக்கு வந்துவிடும். நெஞ்சு இறுக்கம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வேகநடை தொடங்கவேண்டாம்.

10. குளிசை விஷயத்தில் பொறிகள்

"சீனி இறங்கிவிட்டது" என்று குளிசையைத் தானாக நிறுத்துவதுதான் முதல் பொறி. இறங்கியது குளிசையால்தான். நிறை குறைந்து எண்கள் நன்றாக வந்தால் வைத்தியரே குறைப்பார். அண்ணாவின் குளிசை எனக்கும் சரிவரும் என்று எடுப்பது இரண்டாவது.

விரதம் பிடிப்பவர்கள் கவனிக்க. வெள்ளிக்கிழமையோ கந்தசஷ்டி ஆறு நாளுமோ, சில வகைச் சீனிக் குளிசைகளை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைசுற்று வந்தால் விரதத்தைப் பார்க்காமல் உடனே சீனித் தண்ணீர் குடிக்கவேண்டும். விரதத்துக்கு முந்திய கிளினிக்கிலேயே சொல்லி, குளிசையை மாற்றி எழுதுவித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் இதைக் கேட்காமல் விரதம் தொடங்கவே கூடாது.

சித்த வைத்தியத்திலும் நம்பிக்கை உள்ளவர்கள் கைதடி சித்த போதனா வைத்தியசாலை போன்ற தகுதியுள்ள இடத்துக்குப் போங்கள். இரண்டு பக்க வைத்தியருக்கும் மற்றதைச் சொல்லுங்கள். முகநூலில் விற்கும் "ஒரு மாதத்தில் பத்துக் கிலோ" தூள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

திடீரென நெஞ்சு நோ, ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் வந்தால் ஓட்டோ தேடவேண்டாம், 1990ஐ அழையுங்கள். இலவச அம்புலன்ஸ், வடக்கிலும் வரும்.

11. வருடத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கவேண்டியவை

சீனி உறுதியானவர்களுக்குக் கண்ணின் விழித்திரை, பாதம், சிறுநீர் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். கிளினிக்கில் சனம் கூடிய நாளில் இது தவறிப்போகலாம், நீங்களே நினைவூட்டுங்கள். பாதம் பார்க்கும் நாளில் சப்பாத்தைவிடச் செருப்புடன் போவது வசதி. கண் பரிசோதனைக்குத் துளி மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கி வெளிச்சம் கூசும். அன்று மோட்டார் சைக்கிளில் தனியே போகாதீர்கள், ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள்.